ஒரு லென்ஸ் மூன்று நாடுகளுக்குப் போன கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருத்தரங்கு தொடங்குவதற்குச் சற்று முன்பு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கையில் பழைய லைக்கா கேமரா. தாத்தா விட்டுச் சென்றதாம். "ஐயா, இதில் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இருக்கிறது. பாட்டியின் முகத்தை நெருக்கமாக எடுக்க ஆசைப்படுகிறேன். பழைய லென்ஸ் வாங்கலாம் என்று விசாரித்தால் ஒருவர் ஜெர்மன் லென்ஸ் என்கிறார், ஒருவர் ரஷ்ய லென்ஸ் என்கிறார், இன்னொருவர் ஜப்பான் லென்ஸ் என்கிறார். எதை நம்பி வாங்குவது?" என்று கேட்டார்.

"தம்பி, அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. மேடையில் சொல்கிறேன், கேளுங்கள்" என்றேன். அந்தக் கேள்விக்குள் ஓர் உலகப் போரும், தோற்றுப்போன ஒரு நாடு தன் பெயரை மீட்டெடுத்த வரலாறும் அடங்கியிருக்கின்றன. எனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே செலவிடப் போகிறேன்.

முகத்துக்கு ஏன் தனி லென்ஸ்?

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒருவருடைய தலையும் தோளும் படத்தை நிறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 90 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம். அதே அளவுப் படம் 50 மில்லிமீட்டர் லென்ஸில் வேண்டுமென்றால் 83 சென்டிமீட்டருக்கு நெருங்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். பாட்டியம்மா கண்ணாடியில் பார்க்கும் தம் முகம் அந்தப் படத்தில் இருக்காது. அதோடு, பழைய லைக்கா லென்ஸ்கள் பல 1 மீட்டருக்குக் கீழே குவியம் கொள்ளாது. ஆகவே 50-ஐ வைத்துக்கொண்டு அந்தப் படத்தை எடுக்கவே முடியாது.

85, 90, 100 மில்லிமீட்டர் அளவிலான இந்த வகை லென்ஸை ஆங்கிலத்தில் 'ஷார்ட் டெலிபோட்டோ' என்பார்கள். நாம் 'குட்டி டெலிபோட்டோ' என்றே சொல்லிக்கொள்வோம். தொலைவில் உள்ள பறவையை எட்டிப் பிடிப்பது இதன் வேலையல்ல. மனிதரோடு மரியாதையான தூரத்தில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பதுதான் இதன் வேலை.

லென்ஸுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

1925ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் லைட்ஸ் நிறுவனம் லைக்கா கேமராவை மக்கள் முன் வைத்தது. வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கார் பர்னாக் என்பவர் உருவாக்கிய கருவி அது. திரைப்படத்துக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் சின்னஞ்சிறு படம் விழும். 1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. 1932இல் லைக்கா 2 கேமராவில், லென்ஸோடு இணைந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது. அதே 1932இல் திரெஸ்டன் நகரின் ஸைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸ் கேமராவை வெளியிட்டது. அன்று தொடங்கியது இரண்டு வீட்டாருக்கும் போட்டி.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் தூரம் காட்டும் கருவி. நம் இரண்டு கண்களைப் போல அதற்கும் இரண்டு சன்னல்கள். இரண்டிலும் தெரியும் உருவங்களை உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். லென்ஸைத் திருகத் திருக, இரட்டையாகத் தெரிந்த உருவம் ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்தில் குவியம் சரி என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் பார்ப்பது லென்ஸின் வழியாக அல்ல, தனியாக உள்ள சன்னல் வழியாக. லென்ஸ் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சிறு நெம்புகோல்தான் ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்கிறது. அந்த நெம்புகோலுக்குத் தெரிந்தது 50 மில்லிமீட்டர் லென்ஸின் பாஷை மட்டுமே. 1 மீட்டர் தூரத்துக்குக் குவியம் வைக்க 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் முன்னே நகர வேண்டும். ஆனால் நெம்புகோல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர வேண்டும். ஆகவே குட்டி டெலிபோட்டோ லென்ஸுக்குள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் குடிவைக்க வேண்டியதாயிற்று. நுட்பமாக இழைத்த உலோக வளையம்தான் அந்த மொழிபெயர்ப்பாளர். அவர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னாலும் கண்ணுக்கு வைத்த குவியம் காதில் போய் விழும்.

மிகையாகச் சொல்லவில்லை. 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2 அளவுக்கு முழுதாகத் திறந்து 1 மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். 2 மீட்டரில் எடுத்தால் 6 சென்டிமீட்டர். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அதைவிட அதிகம்.

ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு சன்னல்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம் கூடும். 1936இல் வந்த கான்டாக்ஸ் 2 கேமராவில் அந்த இடைவெளி சுமார் 90 மில்லிமீட்டர். திருகு லென்ஸ் போடும் பழைய லைக்காவில் சுமார் 39 மில்லிமீட்டர்தான். பின்னால் வந்த மாதிரிகளில் உருவத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தார்கள். 1931இல் லைட்ஸ் வெளியிட்ட 90 மில்லிமீட்டர் எல்மார் லென்ஸின் திறப்பு எஃப் 4 என்று அடக்கமாகவே இருந்தது. நீளமான அடித்தளம் வைத்திருந்த ஸைஸ் துணிந்து எஃப் 2-க்குப் போனது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

பெர்த்தலேயின் கணக்கு

அவர் பெயர் லுட்விக் பெர்த்தலே. 1900ஆம் ஆண்டு பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே எர்னமான் நிறுவனத்துக்காக எர்னோஸ்டார் என்ற லென்ஸை வடிவமைத்தார். அந்த லென்ஸ் பொருத்திய எர்மனாக்ஸ் கேமராவைக் கொண்டுதான் எரிக் சாலமன் என்ற செய்திப் படக்காரர் அனைத்துலக மாநாடுகளிலும் நீதிமன்றங்களிலும் மின்விளக்கு வெளிச்சத்திலேயே தலைவர்களைப் படம் பிடித்தார். யூதரான சாலமன் 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார் என்பது அந்த வரலாற்றின் கொடிய முடிவு.

1926இல் எர்னமான் நிறுவனம் ஸைஸ் ஐகானோடு இணைந்தது. பெர்த்தலேயும் அங்கே போனார். எர்னோஸ்டாரிலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய சோனார் லென்ஸ்.

சோனாரின் சூட்சுமம் என்ன? ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொரு முறையும் சுமார் 4 விழுக்காடு திரும்பிப் போய்விடும். ஆறு வில்லைகளைத் தனித்தனியே நிறுத்தினால் 12 பரப்புகள். 100 பங்கு ஒளி உள்ளே போனால் 61 பங்குதான் மறுபக்கம் வரும். திரும்பிய ஒளி சும்மா இருக்குமா? உள்ளேயே முட்டி மோதிப் படம் முழுவதும் வெண்புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும். பெர்த்தலே வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக நிறுத்தினார். பரப்புகள் ஆறாகக் குறைந்தன. 78 பங்கு ஒளி வந்து சேர்ந்தது. கருப்பு கருப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழுந்தன.

1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சு பூசி இந்த ஒளியிழப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூச்சு பரவலாவதற்கு முன்பிருந்த காலத்தில் சோனாருக்கு இணை சொல்வது கடினம். கான்டாக்ஸுக்கு வந்த 85 மில்லிமீட்டர் எஃப் 2 சோனார், முகம் எடுப்பவர்களின் செல்லப் பிள்ளையானது.

போர் பிரித்த குடும்பம்

பிறகு போர் வந்தது. 1945இல் ஜெர்மனி வீழ்ந்தது. ஸைஸின் தாய்வீடான ஜேனா நகருக்கு முதலில் வந்தவர்கள் அமெரிக்கர்கள். ஒப்பந்தப்படி அந்த வட்டாரத்தைச் சோவியத் படையிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. போகும்போது அவர்கள் ஸைஸின் முக்கிய நிபுணர்களைத் தங்களோடு மேற்குப் பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். அப்படி மேற்கே ஓபர்கோஹன் ஊரில் புதிய ஸைஸ் முளைத்தது.

அடுத்து வந்த சோவியத் படை, போர் இழப்பீடு என்ற பெயரில் இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. தொழில் தெரிந்தவர்களையும் கொண்டு போனது. கான்டாக்ஸ் கேமரா கீவ் நகரின் அர்செனல் ஆலையில் 'கீவ்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. சோனார் 85 அங்கே 'ஜூப்பிட்டர் 9' ஆனது. சோவியத் ஆலைகள் அதைப் பல பத்தாண்டுகள் செய்தன.

மூன்றாவது கிளை ஜப்பானில் தழைத்தது. 1917இல் தொடங்கப்பட்ட நிப்பான் கோகாக்கு நிறுவனம் 1940களின் இறுதியில் 85 மில்லிமீட்டர் எஃப் 2 நிக்கோர் லென்ஸை வெளியிட்டது. ஐந்து வில்லைகள், மூன்று தொகுதிகள், சோனார் வழிவந்த அமைப்பு. இந்த நிறுவனம்தான் 1988 முதல் நிக்கான் என்ற பெயரில் இயங்குகிறது.

ஆக, தம்பி கேட்டாரே, ஜெர்மன் லென்ஸா, ரஷ்ய லென்ஸா, ஜப்பான் லென்ஸா என்று, அந்த மூன்றும் ஒரே பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள். 1945ஆம் ஆண்டின் உலக வரைபடம்தான் இன்று பழைய கேமராக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் லென்ஸ்களாக உட்கார்ந்திருக்கிறது.

தோக்கியோவில் எடுத்த ஒரு படம்

அப்படியானால் எந்தப் பேரப்பிள்ளையை நம்புவது? இதே கேள்வியை 1950 ஜூன் மாதம் தோக்கியோவில் ஒருவர் எதிர்கொண்டார்.

அவர் டேவிட் டக்ளஸ் டங்கன். அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகைப் படக்காரர். அதற்கு முன்பு அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவில் இருந்து பசிபிக் போரில் ஜப்பானுக்கு எதிராகக் களம் கண்டவர். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அங்கிருந்து படம் எடுத்தவர். ஐந்தே ஆண்டுகளில், ஜப்பானியக் கலைகளைப் படம் பிடிக்கும் பணியாக அதே நாட்டில் தங்கியிருந்தார்.

அன்று ஜப்பானியப் பொருள் என்றால் உலகம் இளக்காரமாகப் பார்த்த காலம். நாடே வெளிநாட்டுப் படையின் ஆட்சியில் இருந்தது. ஏற்றுமதிப் பொருளின்மேல் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்று பொறிக்கப்பட்ட காலம் அது. ஒரு லென்ஸின்மேல் அப்படிப் பொறித்திருந்தால் யார் மதித்து வாங்குவார்கள்? சிந்தித்துப் பாருங்கள்.

ஜுன் மிக்கி என்ற ஜப்பானிய இளைஞர் 'லைஃப்' சஞ்சிகைக்காகத் தோக்கியோவில் படமெடுத்து வந்தார். அவர் தம் லைக்காவில் 85 மில்லிமீட்டர் நிக்கோரைப் பொருத்தி டங்கனை ஒரு படம் எடுத்தார். லென்ஸைப் பற்றிக் கேட்ட டங்கன் சிரித்தாராம், ஜப்பானில் செய்த சோனாரா என்று. மிக்கி வாதாடவில்லை. படத்தைக் கழுவி, பெரிதாக்கி அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அச்சைப் பார்த்ததும் டங்கனின் சிரிப்பு வியப்பாக மாறியது.

வியந்ததோடு அவர் நிற்கவில்லை. இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. சக படக்காரர் ஹோரஸ் பிரிஸ்டலையும் சேர்த்துக்கொண்டு, தங்களிடமிருந்த ஜெர்மன் லென்ஸ்களை எடுத்துக்கொண்டு நிப்பான் கோகாக்கு நிறுவனத்துக்கே போனார். தலைவர் மசாவ் நாகாவோக்கா அவர்களை வரவேற்றார். சோதனைக் கருவியில் ஜெர்மன் லென்ஸையும் நிக்கோரையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, திரையில் விழும் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவில் டங்கன் தம் லைக்காக்களுக்கு நிக்கோர் லென்ஸ்களை வாங்கிக்கொண்டார்.

சில நாள்களில், ஜூன் 25ஆம் தேதி கொரியப் போர் வெடித்தது. டங்கன் அந்த லென்ஸ்களோடு களத்துக்குப் போனார். பூசான் தற்காப்பு வளையத்திலும், உறைபனியில் சோசின் நீர்த்தேக்கத்திலிருந்து வீரர்கள் பின்வாங்கியபோதும் அவர் எடுத்த முகங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1951இல் 'திஸ் இஸ் வார்' என்ற நூலாகவும் வந்தன. கார்ல் மைடன்ஸ், ஹேங்க் வாக்கர் போன்ற 'லைஃப்' படக்காரர்களும் ஜப்பானிய லென்ஸ்களைக் கையாளத் தொடங்கினார்கள். 1950 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் நிக்கான் கேமராவையும் லென்ஸ்களையும் பற்றி எழுதியது. அதன்பிறகு ஜப்பானியக் கேமராத் தொழில் திரும்பிப் பார்க்கவில்லை.

முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு

இந்த இடத்தில் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க நியாயமும் உண்டு. இதே நிப்பான் கோகாக்கு, போர் முடியும்வரை ஜப்பானிய ராணுவத்துக்கும் கடற்படைக்கும் தூரமானிகளும் தொலைநோக்கிகளும் செய்துகொடுத்த நிறுவனம். 1942 முதல் 1945 வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆட்டிப்படைத்தது அந்த ராணுவம். நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத தமிழர்கள் எத்தனை பேர்! ஸைஸ் நிறுவனமும் ஜெர்மானிய ராணுவத்துக்கு வேலை செய்ததுதான்.

ஒரு லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. மன்னிப்பது வேறு, மதிப்பிடுவது வேறு. டங்கனும் ஜப்பானோடு போரிட்டவர்தான். அவர் போரை மறந்துவிட்டு லென்ஸை வாங்கவில்லை. போரின் நினைவையும் லென்ஸின் தரத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தார், அவ்வளவுதான். யார் சொன்னாலும் அதன் உண்மையைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நமக்கு வள்ளுவர் கற்றுத் தந்திருக்கிறார். யார் செய்த பொருளானாலும் அப்படித்தான். 1982இல் மலேசியா கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபோது நம்மவர் பலர் ஜப்பானியரின் உழைப்பை வியந்து பேசினார்கள். அந்த உழைப்பு சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துத்தான் பெயர் வாங்கியது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

"ஜப்பான்காரன் காப்பியடித்தவன்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மூலச் சிந்தனை பெர்த்தலேயுடையது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பார்த்து வரைந்தால் மட்டும் லென்ஸ் வந்துவிடாது. கண்ணாடி உருக்க வேண்டும், இழைக்க வேண்டும், பூச்சு பூச வேண்டும், நான் சொன்ன மொழிபெயர்ப்பாளர் வளையத்தைப் பிசகின்றிக் கடைய வேண்டும். நிப்பான் கோகாக்கு 1921இலேயே ஜெர்மனியிலிருந்து எட்டுப் பொறியாளர்களை வரவழைத்துப் பாடம் கற்றது. 1936இல் வெளிவந்த ஹன்சா கேனன் கேமராவுக்கு நிக்கோர் லென்ஸ் கொடுத்தது. ஆக, 1950இல் டங்கன் கையில் இருந்தது ஒரே இரவில் செய்த நகல் அன்று. முப்பது ஆண்டுப் பயிற்சியின் விளைச்சல்.

அப்படியானால் எதை வாங்குவது?

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

லென்ஸைத் தேடும் முன்பு கேமராவைப் பாருங்கள். திருகு லென்ஸ் போடும் பழைய லைக்கா என்றால் 90 மில்லிமீட்டர் எஃப் 4 எல்மார் பாதுகாப்பான தேர்வு. அந்தத் திறப்பில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். சிறு பிழை இருந்தாலும் படம் தாங்கும். கேனன் செய்த 100 மில்லிமீட்டர் எஃப் 3.5 லென்ஸும் அதே வகையில் அடக்கமானது, கையில் கனக்காது. ஆனால் இந்தக் கேமராக்களின் சன்னல் 50 மில்லிமீட்டர் காட்சியைத்தான் காட்டும். தலைக்குமேல் பொருத்தும் தனிச் சன்னல் ஒன்றும் வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1954இல் வந்த லைக்கா எம் 3 என்றால் கொஞ்சம் துணியலாம். அதன் இரண்டு சன்னல்களுக்கும் இடைவெளி 68.5 மில்லிமீட்டர். உருவத்தை 0.91 மடங்கில், ஏறக்குறைய கண்ணால் பார்ப்பதுபோலவே காட்டும். 90 மில்லிமீட்டருக்கு உரிய கோடும் உள்ளேயே தெரியும். திருகு லென்ஸை மாற்று வளையம் போட்டு இதில் மாட்டலாம். நிக்கோர் 85, கேனன் 85 ஆகியவற்றின் எஃப் 2 திறப்பை நம்பிக்கையோடு கையாள இது ஏற்ற கேமரா. மாறாக, 1973இல் வந்த சிறிய லைக்கா சிஎல் கேமராவின் இடைவெளி 31.5 மில்லிமீட்டர்தான். அதற்கென்று அந்த நிறுவனமே கொடுத்த 90 மில்லிமீட்டர் லென்ஸின் திறப்பு எஃப் 4. செய்தவர்களே அடக்கி வாசித்திருக்கும்போது நாம் ஏன் எஃப் 2-க்கு ஆசைப்பட வேண்டும்?

கான்டாக்ஸ் அல்லது கீவ் வைத்திருப்பவர்களுக்குச் சோனாரும் ஜூப்பிட்டர் 9-உம் உண்டு. நிக்கானின் சொந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் கான்டாக்ஸும் பார்வைக்கு ஒரே மாதிரி வாய் கொண்டவை. ஒன்றின் 85 மில்லிமீட்டர் லென்ஸ் மற்றதில் மாட்டிக்கொள்ளும், ஆனால் குவியம் ஒத்துப்போகாது. பலர் ஏமாறும் இடம் இது.

லைக்காவில் ஜூப்பிட்டர் 9 போட நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. திருகு அமைப்பிலும் அது வந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சோவியத் கேமராவின் வட்டார வழக்கைப் பேசுபவர். லைக்கா எதிர்பார்க்கும் அளவிலிருந்து சற்றே மாறுபடுவார். தொலைவில் அது தெரியாது. முழுதாகத் திறந்து முகத்துக்கு நெருங்கும்போது தெரிந்துவிடும். இதனால் அந்த லென்ஸ் மட்டம் என்று நினைக்காதீர்கள். அதே லென்ஸ் அதற்குரிய கேமராவில் அழகாகப் படம் எடுக்கும்.

பெயருக்காக வாங்கும் ஆசையையும் அடக்க வேண்டும். 1935இல் லைட்ஸ் வெளியிட்ட தம்பார் என்ற 90 மில்லிமீட்டர் எஃப் 2.2 லென்ஸ் 3,000-க்கும் குறைவாகவே செய்யப்பட்டது. முகத்தை வேண்டுமென்றே மென்மையாக, சற்று மங்கலாகக் காட்டுவதற்கென்றே பிறந்த லென்ஸ் அது. அரியது என்பதால் விலை ஏறியது. 2017இல் லைக்கா அதைப் புதிதாகவும் செய்தது. அந்த மென்மை வேண்டுபவருக்கு அது வரம். பாட்டியின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது.

மூன்று மைலோ டின்கள்

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள். "சோதித்துப் பார்ப்பேன், சரியில்லை என்றால் திருப்பித் தருவேன்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் கைவிளக்கை லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். நம் வட்டாரத்து வெப்பமும் ஈரமும் லென்ஸுக்கு எதிரி. சிலந்திவலைபோல் இழை தெரிந்தால் பூசணம். பனிபடர்ந்ததுபோல் இருந்தால் எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் வில்லைகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. சோனார் வகை லென்ஸ்களில் ஒட்டிய வில்லைகள் அதிகம் என்பதால் இதை மறவாமல் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு தூசி பற்றிக் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது.

அடுத்து, மேசைமேல் மூன்று மைலோ டின்களை ஒன்றுக்கொன்று 5 சென்டிமீட்டர் முன்பின்னாக, ஒன்றை ஒன்று மறைக்காமல் வையுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, கேமராவை ஆடாமல் நிறுத்தி, துளையை முழுதாகத் திறந்து, நடு டின்னுக்குக் குவியம் வைத்து எடுங்கள். படச்சுருளைக் கழுவிப் பாருங்கள். நடு டின்னின் எழுத்து தெளிவாக இருந்தால் லென்ஸும் கேமராவும் ஒரே பாஷை பேசுகின்றன. முன் டின்னோ பின் டின்னோ தெளிவாக இருந்தால் பேச்சில் பிசகு இருக்கிறது. நண்பரிடம் மின்னிலக்கக் கேமரா இருந்தால் அதில் மாட்டி லென்ஸின் கூர்மையைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் ரேஞ்ச்ஃபைண்டரோடு அது ஒத்துப்போகிறதா என்பதை உங்கள் கேமராவில் போட்டால்தான் அறிய முடியும். இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

வாங்கிய பிறகு உலர்பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் பூசணத்தைத்தான் சொத்தாகக் கொடுப்பீர்கள்.

நேயர்களே, 1959இல் நிக்கான் எஃப் கேமரா வந்தது. லென்ஸின் வழியாகவே பார்த்துக் குவியம் வைக்கும் முறை பரவியது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை குறைந்தது. குட்டி டெலிபோட்டோக்கள் புதிய கேமராக்களுக்குக் குடிபெயர்ந்தன. பழையவை பெட்டிகளுக்குள் போயின. அவற்றில் ஒன்றுதான் இந்தத் தம்பியின் தாத்தா கேமராவுக்காக எங்கோ ஒரு கடையில் காத்திருக்கிறது.

தம்பி, எந்த நாட்டு லென்ஸ் என்று கேட்டீர்கள். டங்கனுக்கு மிக்கி சொல்லாமல் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்கிறேன். படம் எடுத்து, கழுவி, அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் கேமராவில், உங்கள் கையில், நடு டின்னைத் தெளிவாகக் காட்டும் லென்ஸ் எதுவோ அதை வாங்குங்கள். டங்கன் தம் 102ஆம் வயதில், 2018இல் மறைந்தார். அவர் 1950இல் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்டது ஓர் அச்சுப் படமும் ஒரு சோதனையும்தான். நாமோ ஒருவர் சொன்ன பெயரை நம்பிச் சேமித்த வெள்ளியைக் கொட்டிவிடுகிறோம்.

ஒன்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். லென்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கையிலுள்ள 50 மில்லிமீட்டரில் பாட்டியை ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்து வையுங்கள். நல்ல லென்ஸ் அடுத்த ஆண்டும் கிடைக்கும்.